நூற்றுப் பதினெட்டுக்கு மேலே ஒரு திருத்தம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நாத்தனாரைக் காப்பாற்றத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

அவளுக்கு விமான நிலையக் கோபுரத்தில் வேலை. விமானிகளோடு ரேடியோவில் பேசி, யார் முதலில் இறங்க வேண்டும் என்று சொல்பவள். போன மாதம் ஒரு சிறிய பயிற்சி விமானம் எஞ்சின் நின்று ஓடுபாதைக்கு முன்னாலேயே புல்லில் விழுந்தது. ஓட்டியவருக்குக் கால் முறிவு. “எஞ்சின் நிக்குதுன்னு கூப்பிட்டேன், பதிலே இல்ல” என்கிறார் அவர். “எனக்கு எதுவும் கேக்கல” என்கிறாள் இவள். விசாரணையில் இவள் சொல்வது நின்றால், அவர் பொய்யர்; உரிமம் போய்விடும்.

(பேச்சைப் பதிவு செய்யும் கருவி அன்று பழுது. கதைக்காக நான் பழுதாக்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: ‘கோபுரத்தின் கண்ணாடிக்கு வெளியே வானம்—’

வானத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: ‘இறங்க வந்த ஒரு பெரிய விமானம் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த அதே நொடியில் சிறியதும் பேசியது. எஃப்.எம்.மில் இருவர் ஒரே அலைவரிசையில் பேசினால் வலுத்த குரல்தான் கேட்கும். மற்றது சுவடில்லாமல் போய்விடும். ஆகவே அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.’

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவரும் கூப்பிட்டார், இவளுக்கும் கேட்கவில்லை. யாருமே பொய்யர் இல்லை. விமான ரேடியோ எஃப்.எம். என்பது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டு ரேடியோவில் எஃப்.எம். எண்பத்தெட்டு மெகாஹெர்ட்ஸில் தொடங்கி நூற்றெட்டில் முடிகிறது. விமானப் பேச்சு நூற்றுப் பதினெட்டில் தொடங்குகிறது. பக்கத்து வீடு, அதே சாதனம்தானே என்று நினைத்தேன். எல்லாம் கேள்வி ஞானம்.

3

அவளை மகிழ்விக்கப் பக்கத்தைக் கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தாள். என் பென்சிலை எடுத்து ‘எஃப்’ என்ற எழுத்தை அடித்து, மேலே ‘ஏ’ என்று எழுதினாள்.

“அண்ணி, இது ஏ.எம்.”

“நூத்தியெட்டுக்கு மேலதானே இருக்கு?”

“எங்க இருக்குங்கறது வேற, பேச்சை அலைமேல எப்படி ஏத்துறாங்கங்கறது வேற. தெரு வேற, வண்டி வேற. அலையோட உயரத்தை மாத்தி ஏத்தினா ஏ.எம்., அதிர்வு வேகத்தை மாத்தி ஏத்தினா எஃப்.எம். எந்தத் தெருவிலயும் எந்த வண்டியும் போகலாம். வீட்டு ரேடியோல தெருவையும் வண்டியையும் ஒரே பட்டன்ல போட்டு உங்கள மாதிரி ஆளுங்கள ஏமாத்திட்டாங்க.”

“சரி, விமானத்துக்கு எதுக்கு ஏ.எம்.?”

“ரெண்டு பேர் சேர்ந்து பேசினா ஒருத்தர் காணாமப் போகக் கூடாதுல்ல? அதுக்குத்தான். பெரிய குரலுக்கு அடியில கீச்சுன்னு ஒரு விசில் கேக்கும். அப்போ, ‘ரெண்டு பேர் பேசினீங்க, இன்னொருத்தர் திரும்பச் சொல்லுங்க’ன்னு கேக்கணும். அதான் முறை.”

பென்சில் நின்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு விசில் கேட்டுச்சா?”

“ரெண்டு செகண்ட். நாலு விமானம் வரிசையில நின்னுச்சு. அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்.”

*பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை* என்று இங்கே ஓர் அடிக்குறிப்பு எழுதியிருந்தேன். சிரிப்பு வரவில்லை. அடித்துவிட்டேன்.

4

“நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார் என் கணவர், அவளுடைய அண்ணன். “உன் கதையில எஃப்.எம்.னே இருக்கட்டும். யாருக்கு என்ன தெரியப் போகுது?”

அவர் தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவர். கால் முறிந்தவரும் யாருக்கோ அண்ணனாக இருக்கலாம் என்று சொல்ல வந்து, நான்—

5

இன்று காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. விசாரணை அறைக்கு வெளியிலிருந்து போன் செய்கிறாள்.

“அண்ணி, அந்த வரியை மாத்திட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“கதையில என்ன எழுதுறீங்களோ, உள்ள போய் அதையே சொல்லிடறேன். நானாச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.”

எனக்கும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு வரிகளையும் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். சீக்கிரம், அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அவளுக்குக் கேட்டது.