நாலரை விரல்

ஒரு விரலை எங்கே ஒளிப்பது என்று நாகம்மாளுக்குத் தெரியவில்லை. இருக்கிற விரலையாவது மடக்கிக்கொள்ளலாம். இல்லாத விரலை என்ன செய்வது? அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் பாதியோடு நின்றிருந்தது. கெளுத்தி மீனின் முள் குத்திச் சீழ்பிடித்து, மேல்பாதியை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. இப்போது மீன் ஏலக்கூடத்துச் சுவரில், சிவப்புப் பெயின்ட்டுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கை தெரிந்தது. அதற்கும் சுண்டுவிரல் பாதிதான்.

நேற்று சாயங்காலம் கூடம் காலியாக இருந்தது. படகுகளுக்கு நம்பர் போடும் மனோஜ், ஸ்பிரே டப்பாவைச் சுவரோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். எண் வெட்டிய தகட்டைப் படகின் மேல் வைத்து அவன் பெயின்ட் அடிப்பதை நாகம்மாள் பலமுறை பார்த்திருக்கிறாள். வெட்டிய இடத்தில் நிறம் பிடிக்கும், தகடு மறைத்த இடம் தப்பிவிடும். அவ்வளவுதான் தந்திரம்.

சுவரில் பாடு உள்ள படகுகளின் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்ற முறைக்குத்தான் பாடு என்று பெயர். கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் பாடு கிடையாது, அதனால் சுவரில் பெயரும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். அவர்களுக்குப் படகும் வலையும் அந்தக் கைதான். நாகம்மாள் பெயர்களுக்குக் கீழே உள்ளங்கையைச் சுவரோடு ஒட்டி வைத்தாள். இடது கையால் ஸ்பிரேயை எடுத்து அடித்தாள். கையை எடுத்ததும் பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்துச் சிரித்தாள். பிறகுதான் அந்தப் பாதி விரல் கண்ணில் பட்டது.

காலையில் ஊர்த் தலைவர் துளசிங்கம் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “செவுத்த நாசம் பண்ணது யாரா இருந்தாலும் சரி, இனிமே இந்தக் கூடத்துல ஒத்த இறாலு விக்கக் கூடாது. எல்லாரும் வந்து அந்தக் கை மேல கைய வைங்க. தெரிஞ்சிடும்.”

வியாபாரிகள் வருவது இங்கே மட்டும்தான். இங்கே விற்க முடியாவிட்டால் பிடித்த இறால் பறியிலேயே நாறிப்போகும். வீட்டில் அடுப்பு எரியாது. பெயின்ட் போக ராத்திரியே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிய வலது கையை நாகம்மாள் முந்தானையில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றாள். வராமல் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

“இன்னாக்கா, கைய பொட்டலம் கட்டி வச்சிக்கினுகீற?” என்றாள் முன்னால் நின்ற இந்திராணி. இவளும் கையால் இறால் பிடிக்கிறவள்தான்.

“நண்டு கடிச்சிடுச்சு.”

“காட்டேன்.”

“சும்மா திரும்பி நில்லுடி!”

முதலில் மனோஜின் முறை. அவன் கை பெரியது. சுவரில் இருந்த உருவத்தைத் தாண்டி நாலாபக்கமும் நின்றது. “பெயின்ட்டு என்துதான், கை என்துல்ல,” என்றவன், தலைவரை விடவில்லை. “இதுக்குப் போயி இவ்ளோ கலாட்டாவா தலைவரே? அந்தக் காலத்து மனுசன் குகைல இதே மாதிரி கைய வச்சி, வாயால செங்காவிய ஊதியிருக்கான். ஆயிரக்கணக்கான வருசமாம். அத்த ஓவியம்னு டிக்கெட்டு வாங்கிப் பாக்குறாங்க.”

“இது ஊர்க் காசுல சுண்ணாம்பு அடிச்ச செவுருடா.”

“அந்தக் குகையும் அப்போ யாரோடதோ?”

“புலியோடது. புலி வந்து கேக்கல, நான் கேக்குறேன்.”

வரிசை சிரித்தது. நாகம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. குகைப் படத்தோடு மனோஜின் போன் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. பாறை நிறைய கைகள். சிலவற்றில் விரல்கள் பாதி, சிலவற்றில் இல்லவே இல்லை.

“இவங்களுக்கும் வெரலக் காணோமே?” என்றாள் இந்திராணி.

“வெட்டிக்கினாங்கனு ஒரு கோஷ்டி, மடக்கிக்கினாங்கனு ஒரு கோஷ்டி. இன்னும் சண்ட முடியல,” என்றான் மனோஜ்.

முழு விரல் உள்ளவளும் மடக்கினால்? நாகம்மாள் தன் தொடையின் மேல் இடது கையை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை கீழே இருக்கும்போது விரலை மடக்கினால், அது நடுவில் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கிவிடுகிறது. இடைவெளியில் பெயின்ட் புகுந்தால் ஓரம் மங்கிவிடும். சுவரில் இருந்ததோ கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. கையைத் திருப்பி வைத்தால்? அப்போது விரல் தன் பக்கம் மடங்கும், கீழே எதுவும் மாட்டாது. கட்டைவிரலும் பக்கம் மாறி, சுவரில் இருக்கும் வலது கையைப் போலவே ஆகிவிடுகிறது. அப்படியானால் இடது கை போதும்.

இந்திராணி வலது கையைச் சுவரில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. சுண்டுவிரல் மட்டும் நீண்டது. “அடியாத்தாடி! கொஞ்சம் விட்டா மாட்டியிருப்பேன்!”

“இந்திராணி,” என்றாள் நாகம்மாள். “இடது கைய வையி. பொறங்கை செவுத்துல படுற மாதிரி. சுண்டுவெரல மட்டும் மடக்கு.”

இந்திராணி வைத்தாள். உருவம் அப்படியே பொருந்தியது.

துளசிங்கம் சுவரைப் பார்க்கவில்லை. நாகம்மாளைப் பார்த்தார். “உனக்கு எப்படிம்மா தோணிச்சு? கைய காட்டு.”

முந்தானை விலகியது. பாதி விரல் எல்லார் கண்ணிலும் பட்டது. நாகம்மாள் சுவரைத் தொடாமல் ஓரடி தள்ளி நின்றாள்.

“ஓகோ,” என்றார் துளசிங்கம்.

“இன்னா ஓகோ? அக்கா கையும் பொருந்தும், என் கையும் பொருந்துது. ரெண்டு பேரையும் தள்ளி வைப்பியா?” என்றாள் இந்திராணி.

துளசிங்கம் விடவில்லை. மீன்பெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். மனோஜ் அதன்மேல் இருவர் கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெயின்ட் அடித்தான்: நாகம்மாளின் வலது கை, இந்திராணியின் திருப்பி வைத்த இடது கை. துளசிங்கம் பலகையைத் தலைகீழாகத் திருப்பினார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், எது யாருடையது என்று, பெயின்ட் அடித்ததைப் பார்க்காத மூன்று பேரைக் கேட்டார். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மாற்றிச் சொன்னார். அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் தள்ளி வைக்காமல் வரிசையைக் கலையச் சொன்னார்.

பாதி விரல் உள்ள வலது கையும், சுண்டுவிரலை மடக்கித் திருப்பி வைத்த இடது கையும் ஒரே உருவத்தைத்தான் விடும். அதனால் சுவரில் இருக்கும் கையை வைத்து அது யாருடையது என்று சொல்ல முடியாது.