ஓரத்தில் இருந்தவள்

மச்சானுக்கு நான் தர வேண்டியது ஆயிரத்து நூற்று நாற்பது. பழைய பெட்டி டிவிக்குப் புது பிக்சர் டியூப் போட்டதற்கு, சாமானும் கூலியும் சேர்த்து. இருபத்தோரு வருஷமாகத் தரவில்லை. கையில் இல்லாமல் அல்ல, வீம்பு.

மச்சான் என் மனைவியின் அண்ணன், டிவி மெக்கானிக். எங்கள் குடோனில் எல்லோரும் அவனை 'டியூப்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தானியக் குடோனில் நான் மூட்டை தூக்கினேன். என் மனைவி சாக்கு வாய் தைத்தாள்.

எங்களுக்குக் கல்யாணமான வருஷம் குடோனுக்கு ஒரு சினிமாக் கூட்டம் வந்தது. கதாநாயகன் கையில் விளக்கோடு இருட்டில் ஓடி வரவேண்டும். மூட்டைகளுக்கு நடுவே ஒருத்தி உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருக்க வேண்டும். நிஜமாகவே தைக்கத் தெரிந்த ஆள் கேட்டார்கள், அவளை உட்கார வைத்தோம். தலையை நிமிர்த்தக் கூடாது என்று நாலு தரம் சொல்லியிருந்தார்கள். விளக்கு பக்கத்தில் வந்ததும் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"மூஞ்சில வெளிச்சம் அடிச்சா யாருதான் பாக்க மாட்டாங்க?" என்று அன்றைக்கு வீட்டில் கேட்டாள்.

அதைப் படத்தில் வைத்தார்களா, வெட்டி எறிந்தார்களா என்று அவளுக்குத் தெரியாது. தியேட்டரில் படம் ஒரே வாரம்தான் ஓடியது. அந்த வாரத்தில்தான் மகள் பிறந்தாள்.

மகளுக்கு ஒன்பது வயதாகும்போது அந்தப் படத்தை டிவியில் போடப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் டிவியில் அப்போது எல்லாமே பச்சை. செய்தி வாசிக்கிற பெண் பாசி பிடித்த குளத்திலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி இருப்பாள். மச்சான் அவசர அவசரமாக டியூப் மாற்றிக் கொடுத்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள் அவள். குடோன் காட்சி வந்தது. விளக்கு ஓடி வந்தது. இடது ஓரத்தில் ஒரு கையும் சாக்கூசியும் மட்டும் தெரிந்தன. அவ்வளவுதான், விளக்கு போய்விட்டது.

"அது என் கைதான்" என்று அவள் சிரித்தாள். எல்லோரும் எழுந்து போன பிறகு சமையலறையில் வெகுநேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் மச்சான் மேல் போயிற்று.

"என்ன டியூப் போட்ட நீ? பாதிப் படத்தக் காணோம்!"

"மாப்ளே, அது அகலப் படம். இந்தச் சதுரப் பெட்டில அடங்காது. ரெண்டு பக்கமும் வெட்டித்தான் அனுப்புறான்."

"வெட்டினது நீ, பழி அவன் மேலயா? சின்ன டியூப மாட்டிட்டு என்கிட்ட கதை விடுறியா?"

மச்சான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். "காசு எப்ப தோணுதோ அப்பக் குடு" என்றான். அது எனக்குத் தோணவே இல்லை. அதற்குப் பிறகு அவன் தங்கையைப் பார்க்க வருவான், நான் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்த அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் இந்தக் கோடியில் நானும் அந்தக் கோடியில் அவனும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் நாலு பேர் உட்காரலாம்.

அவளுடைய போட்டோ என்று என்னிடம் இருப்பது வேலை அட்டையில் ஒட்டியது ஒன்றுதான். அதில் அவள் யாருக்கோ பயந்தவள் மாதிரி இருக்கிறாள். நான் கண்ட முகம் அது இல்லை.

போன மாதம் மகள் பெரிய டிவி ஒன்று வாங்கி அனுப்பினாள். பிரிப்பதற்கும் மாட்டுவதற்கும் ஆட்கள் வந்தார்கள், நான் பக்கத்திலேயே நின்று தூசி போகாமல் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மறுவாரம் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, அம்மா நடிச்ச படத்த நெட்ல போட்டிருக்காங்க. பழைய பிலிம சுத்தம் பண்ணி, எச்.டி.ஆர்னு வெளிச்சமும் இருட்டும் துல்லியமாத் தெரியுற மாதிரி. ஓரம் வெட்டாம முழுப் படம்ப்பா!"

போட்டுப் பார்த்தேன். குடோன் காட்சி வந்தது. திரை முழுக்கக் கரி. விளக்குத் திரி மட்டும் மின்மினி மாதிரி குறுக்கே போயிற்று. இடது ஓரத்தில் கை கூட இல்லை.

மகள் போனிலேயே வழி சொன்னாள். ஆப்பை மூடித் திறந்தேன். நெட் பெட்டியை அணைத்துப் போட்டேன். மெனுவைத் தமிழில் வைத்துத் தந்திருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். செய்தி ஓடும்போது திரையில் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் கூட்டிப் படித்து, தானாக வெளிச்சம் மாறுவதை அணைத்தேன். செய்தி பளிச்சென்று வந்தது. படத்துக்குத் திரும்பினால் மறுபடி கரி. பிரைட்னஸை ஏற்றினேன். கரி சாம்பலானது, அவ்வளவுதான். ஆள் யாரும் தெரியவில்லை.

"மாமாவக் கூப்பிடுங்கப்பா."

"அவன் கால்ல போய் விழவா?"

"விழ வேணாம். நின்னபடியே கூப்பிடுங்க."

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மச்சானின் கடைக்குப் போனேன். கடை இப்போது பாதியாகச் சுருங்கியிருந்தது. கழற்றிப் போட்ட போன்களுக்கு நடுவே கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ளே, வழி தவறிட்டியா?"

"டிவில படம் இருட்டா இருக்கு."

"இந்தத் தடவையும் நான்தான் வெட்டினேனா?"

எந்தப் படம் என்று சொன்னேன். மச்சான் கையில் இருந்த போனை அப்படியே வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினான்.

நான் செய்து பார்த்ததையெல்லாம் வழியில் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் திரையைச் சாய்வாகப் பார்த்தான். "என்ன மாப்ளே, முழுக்க விரல் ரேகை? இந்த ஏரியால திருட்டு நடந்தா போலீசு முதல்ல உன்னத்தான் தூக்கும்."

குடோன் காட்சியைப் போட்டான். மெனுவைத் திறந்தான்.

"இங்க பாரு. சாதாரணப் படத்துக்கு டிவி ஒரு செட்டிங் வெச்சிருக்கும். எச்.டி.ஆர் படம் வந்தா தானாவே வேற செட்டிங்குக்குத் தாவிடும். நீ செய்தி ஓடும்போது மாத்தினது செய்திக்கு மட்டும்தான். இதுல தானா வெளிச்சம் மாறுறது இன்னும் ஆன்லதான் இருக்கு."

"அது ரூமுக்கு ஏத்த மாதிரி மாறும்னு பாப்பா சொன்னா. ரூம்ல வெளிச்சம் இருக்கே?"

"அதான் எனக்கும் புரியல. பட்டப்பகல்ல இது ஏன் இவ்வளவு மங்குது?" என்றவன் குனிந்து டிவியின் அடி விளிம்பைத் தடவினான். கை நின்றது. "இது என்ன?"

"டேப்பு."

"அது தெரியுது. யாரு ஒட்டினது?"

"நான்தான். அங்க ஒரு பொத்தல் இருந்துச்சு. தூசி போகுமேன்னு."

குடோனில் முப்பத்தைந்து வருஷம் பழகிய கை. சாக்கோ பெட்டியோ, பொத்தல் தெரிந்தால் அடைத்துவிட்டுத்தான் மறுவேலை.

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அது டிவியோட கண்ணு மாப்ளே! ரூம்ல எவ்வளவு வெளிச்சம்னு அதாலதான் பாக்கும். நீ கண்ணக் கட்டிட்ட. அது நடுராத்திரின்னு நெனச்சு அடங்கிக் கெடக்கு. ரிமோட்டு வேலை செய்யுதேன்னு சந்தோசப்படு, அதுக்கான பொத்தல் கண்ணுல பட்டிருந்தா அதையும் நீ விட்டிருக்க மாட்டியே!"

டேப்பை உரித்தான். திரை மெல்ல மெல்ல விடிந்தது. நான் ஏற்றி வைத்த பிரைட்னஸைப் பழையபடி இறக்கினான். சாம்பல் போய் நல்ல கறுப்பு வந்தது. கறுப்புக்குள்ளே மூட்டைகள் தெரிந்தன. நான் அடுக்கிய அடுக்கு.

காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டான்.

விளக்கு வந்தது. இடது ஓரத்தில் அவள் இருந்தாள். கால் மடக்கி, முழங்காலில் சாக்கை இறுக்கி, ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் நெருங்கியதும் நிமிர்ந்தாள். இருபது வயது முகம். பயமே இல்லை. யார் வேலையைக் கெடுக்க வருகிறது என்று பார்க்கிற பார்வை. நான் வீட்டுக்குத் தாமதமாக வந்தால் பார்ப்பாளே, அதே பார்வை. அப்புறம் விளக்கு போய்விட்டது.

"வெச்சிருக்காங்க" என்றான் மச்சான்.

நான் படத்தை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் திரை மங்கி, எழுத்தும் கோடும் வந்து அவள் மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஓடினால்தான் அவள். நாலே விநாடி. பின்னால் தள்ளி மறுபடி போட்டோம். மறுபடி. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, மச்சான் எழுந்து போய்த் திரையின் ஓரத்தில் விரலை வைத்தான்.

"அன்னிக்குப் பெட்டில இது வரைக்கும்தான் வந்துச்சு."

அவன் விரலுக்கு இந்தப் பக்கம் கையும் ஊசியும். அந்தப் பக்கம் அவள்.

"நீ வெட்டல மச்சான்" என்றேன்.

"அத இப்பவாவது சொன்னியே."

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்தேன். பதினொரு நூறு, நாலு பத்து. கையில் வைத்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினான்.

"இன்னிக்கு வந்ததுக்கு?"

"டேப்பு உரிச்சதுக்குக் கூலி வாங்கினேன்னு தெரிஞ்சா தொழில்ல எவன் மதிப்பான்?" என்றபடி பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "கணக்கு தீந்துச்சு. தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டான். காட்சியைப் பின்னால் தள்ளினான்.