பஞ்சிக்காரியின் கை

முதல் ஊசியில் இரத்தம் எடுத்தபின் டொக்டர் இராசநாயகம் என் மேற்கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றி இறுக்கினார். உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்தார். ஒரு நிமிடம் விடாமல் அமத்த வேண்டும்.

இருபதாவது அமத்தலில் வலி வந்தது. நிறுத்திவிட்டேன். இருபத்தாறு வயதுக்குள் என் உடம்பு படித்திருந்தது அது ஒன்றைத்தான். கிணற்றில் ஐந்து வாளி அள்ளினால் நிற்பேன். கொஞ்சம் குந்தியிருந்து எழும்பினால் பிறகு ஓரளவு அள்ளலாம். அதைத்தான் எல்லோரும் நடிப்பு, சோம்பல், பஞ்சி என்றார்கள்.

"உவள் இப்பிடித்தான் டொக்டர், பஞ்சி பிடிச்சவள்," என்றாள் அம்மா.

"நிப்பாட்டினால் ஒண்டும் தெரியாது பிள்ளை. ஏலாமல் போகுமட்டும் அமத்தும்."

அமத்தினேன். விரல்கள் தாமாக மடங்கி இறுகின. பட்டியைக் கழற்றிய பிறகும் விரியவில்லை. டொக்டர் மறுபடியும் மறுபடியும் இரத்தம் எடுத்தார். அம்மா என் பெருவிரலை இழுத்துப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த கிழமை முடிவு வந்தது. வேலை செய்தால் இரத்தத்தில் ஏற வேண்டிய அமிலம் எனக்கு ஏறவேயில்லை. தசை தான் சேர்த்துவைத்த சர்க்கரையை உடைக்கத் தெரியாத பிறவி நோய். மருந்து இல்லை.

"தாய் தேப்பன் சொந்தமோ?"

"ஓம், சொந்த மச்சான்தான். காணி வெளியிலை போகேல்லை," என்றாள் அம்மா பெருமையாக.

"அதுதான். ரண்டு பக்கத்தாலையும் வந்தால்தான் இது வரும். மற்றப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மற்றப் பிள்ளை, என் தங்கை மீனாம்பிகை. அவளுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை அப்பாவின் தங்கை சிவக்கொழுந்து மாமியின் மகன்.

அந்த வருடம் பஸ் ஓடிய நாட்கள் குறைவு. திருநெல்வேலிச் சந்தியில் இரண்டு மணித்தியாலம் நின்று வீட்டுக்குப் பஸ் ஏறினோம். இறங்கி நடக்கையில் அம்மா, "ஆறுதலா, மெள்ள வா," என்றாள். என்னிடம் அவள் ஒருநாளும் சொல்லாத சொல். அழுதிருப்பேன். ஆனால் அடுத்ததாக, "கலியாணம் முடியுமட்டும் வாய் திறக்காதை. பஞ்சி எண்டே இருக்கட்டும்," என்றாள்.

வீட்டு வாசல் படலையடியில் மாமி நின்றாள்.

"என்னடி மருமோள், பஞ்சிக்கு ஊசி போட்டவையோ?"

"விழுங்கச் சத்துக் குளிசை தந்தவர், மச்சாள்," என்று அம்மா அவசரமாகச் சிரித்தாள்.

நானும் சிரித்தால் போதும். இவ்வளவு காலமும் சிரித்துத்தான் வந்திருக்கிறேன். ஆனால் மீனாம்பிகைக்குப் பிறக்கப்போகும் ஒரு பிள்ளை கிணற்றடியில் மூச்சிரைக்க நிற்பதும், இந்த வாய்களே அதைப் பஞ்சி என்பதும் கண்ணுக்குள் வந்தன. அதை நினைக்கவே களைத்தது.

"பஞ்சி இல்லை மாமி. பிறவி வருத்தம். அப்பாவிட்டையும் அம்மாவிட்டையும் இருந்து வந்ததாம். உங்கடை பக்கத்திலையும் இருக்கலாம். மீனாவையும் அத்தானையும் டொக்டரிட்டைக் காட்டவேணும்."

சிரிப்பு மாமியின் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு படலையைச் சாத்திவிட்டு ஒழுங்கையில் இறங்கிப் போனாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து மீனாம்பிகை வந்தாள்.

"என்னக்கா, மாமி தேத்தண்ணியும் குடியாமல் போறா?"

அவளுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான் வாசற்படியில் குந்தியிருந்தேன்.