சுவரில் இல்லாத ஈரம்

வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் சுவர் ஈரம், அந்த வீட்டை வாங்கியபின் வந்த முதல் நவம்பரில், கென்னத் ரிம்மரின் முதுகுக்கு இடம் மாறியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் டிப்போவில் அவர் சட்டை மாற்றும்போது கூட வேலை செய்கிறவர்கள் பார்த்தார்கள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, கறுப்புப் புள்ளிகளோடு ஒரு பூஞ்சைத் திட்டு. தொட்டால் சில்லென்று இருந்தது, விரலில் தண்ணீர் ஒட்டியது. வட இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் பர்ன்லியில் நவம்பர் மாதம் எல்லாமே நனைந்துதான் கிடக்கும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கென்னத் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். முழங்கால் தேய்ந்து, ஓய்வூதியம் போதாது என்ற பயம் பிடித்த வயதில், வாடகைக்கு விட முதல்முறையாக வீடு வாங்குகிறவர்களுக்கு இலவச வகுப்பு என்று ஒரு ஹோட்டல் வாசலில் போர்டு பார்த்து உள்ளே போனார். வகுப்பெடுத்த ஆள் பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொன்னான்: வீட்டின் மேல் ஆசை வைக்காதே, நீ அதில் வாழப் போவதில்லை, எல்லாச் சுவருக்கும் பால்நிறம் அடித்துவிடு, குடியிருப்பவரால் தொல்லை என்றால் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் சட்டமும் அப்படித்தான் இருந்தது. கென்னத் பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த அவர் மனைவி டோரினுக்கு இது பிடிக்கவே இல்லை. "நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறத நிறுத்தவே உனக்கு ஆறு மாசம் ஆச்சு கென். இதுல இன்னொரு வீடு கேக்குதாக்கும்?" என்றாள். ஆனாலும் அவளுடைய அக்கா விட்டுப்போன பணத்தில்தான் பழைய பஞ்சாலைக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீட்டை வாங்கினார்கள்.

பின்னறைச் சுவரில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. விற்றவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை, கென்னத்தும் கேட்கவில்லை. கறை மறைக்கும் பெயிண்டை இரண்டு தடவை அடித்து, அதன்மேல் பால்நிறம் அடித்தார். லோர்னா க்ளெக் என்ற பெண் குடிவந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை, கணவன் இல்லை, ஆறு வயதில் மெகன் என்று ஒரு மகள். பின்னறையை மெகனுக்கு ஒதுக்கினாள்.

எங்கள் ஊர் வீட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுவர் எவ்வளவு நனைந்தாலும் ஈரம் என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள், ஏனென்றால் ஈரம் என்றால் பழுதுபார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. மூச்சுத் தண்ணீர் என்பார்கள். குடியிருப்பவர்கள் விட்ட மூச்சும், உள்ளே காயப்போட்ட துணியும் சுவரில் படிந்து தண்ணீராகிவிட்டது, ஆகவே தப்பு அவர்களுடையது என்று அர்த்தம். கென்னத் வீட்டுக்காரராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்.

"மிஸ்டர் ரிம்மர், பின்னறைச் சுவர் ஊறிப்போய் நிக்குது. புள்ளைக்கு இருமல் விடவே மாட்டேங்குது," என்று லோர்னா போன் செய்தாள்.

"அது ஈரம் இல்லம்மா, மூச்சுத் தண்ணி. துணிய உள்ளயே காயப்போடுறீங்கல்ல? ஜன்னலத் திறந்து வைங்க."

"நவம்பர்லயா?"

"கொஞ்சூண்டு திறங்க போதும். அந்தச் சுவத்துல ஈரமே கிடையாது, நான் சொல்றேன்."

இல்லை என்று அவர் சொன்னார். மறுநாள் விடிந்தபோது அது சுவரில் இல்லை.

டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டுத் தோல் டாக்டரிடம் அனுப்பினார். தோல் டாக்டர் நெடுநேரம் யோசித்து, ஒரு கொத்தனாரிடம் காட்டச் சொன்னார். கொத்தனார் ஈரம் அளக்கும் கருவியின் இரண்டு ஊசிகளையும் லோர்னா வீட்டுப் பின்னறைச் சுவரில் வைத்தார். முள் அசையவில்லை. கென்னத்தின் முதுகில் வைத்தார், கருவி கத்தியது. "சுவருக்கு ஒரு குறையும் இல்ல. நீங்கதான் ஒழுகுறீங்க," என்றார் அவர். ஆலைக்காரர்கள் ஒரு காலத்தில் மூடிய ஓடை அந்த வரிசைக்கு அடியில் இன்னும் ஓடுகிறதென்றும், தெருவையே தோண்டினாலும் அதை நிறுத்த முடியாதென்றும், அது எங்கேயாவது ஏறித்தான் தீரும் என்றும் விளக்கினார். மெகனின் இருமல் அதற்குள் நின்றிருந்தது.

அடுத்த பிப்ரவரியில் டோரின் அவரை ஸ்பெயினுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடற்கரை வெயிலில் குப்புறப் படுத்திருந்த நாலாம் நாள் முதுகு காய்ந்தது. கென்னத் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார், அவ்வளவு சந்தோஷம். அன்று மத்தியானமே லோர்னா போன் செய்தாள். சுவரில் தண்ணீர் வழிகிறது, மெகனை ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். அவர்கள் கிடைத்த விமானத்தில் திரும்பினார்கள். மான்செஸ்டரில் இறங்கும்போது அவர் சட்டை நனைந்திருந்தது, பிள்ளைக்கு மூச்சு சீராகியிருந்தது.

வகுப்பெடுத்தவனுக்கு போன் போட்டுக் கேட்டார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? நோட்டீஸ் குடுங்க, காலி பண்ணிட்டு வித்துடுங்க. அப்புறம் அது வாங்குறவன் தலைவலி," என்றான் அவன். கென்னத் நோட்டீஸை எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு போனார். லோர்னா தேநீர் கொடுத்தாள். பின்னறையை எட்டிப் பார்த்தார். கட்டில் அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது, மெகன் சுவரில் முதுகைச் சாய்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இவர்கள் போனாலும் இன்னொரு பிள்ளை அங்கே சாயும். கென்னத்துக்கு வெட்கமாக இருந்தது, தன்னை நினைத்துப் பயமாகவும் இருந்தது. நோட்டீஸைக் கொடுக்காமல் வீட்டுக்கு நடந்தார்.

அதன்பிறகு ஒன்பது குளிர்காலம். தினமும் சாயங்காலம் டோரின் பெரிய துண்டால் அவர் முதுகைத் துடைத்து, வினிகர் தடவினாள், துடைக்கும்போதெல்லாம் திட்டினாள். "வாடகை எனக்கு, ஈரம் உனக்குன்னு பிரிச்சுக்கிட்டோம் போல," என்பாள். வீடு வாங்க நினைத்த புதியவர்கள் யோசனை கேட்டு வந்தால், கென்னத் ஒன்றைத்தான் சொல்வார்: "வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்துலயும் அரைமணி நேரம் சாஞ்சு உக்காந்து பாரு." சிரித்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். ஊருக்கே தெரிந்த விஷயத்தை லோர்னாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை, கென்னத் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாவது வருடம் மார்ச்சில் நெஞ்சுச் சளி முற்றி இறந்தார். வழக்கமாக நாலு பேர் தூக்கும் பெட்டியை எட்டுப் பேர் தூக்கினார்கள். சர்ச் தரையில் சொட்டிய தண்ணீரை யாரோ துடைத்தார்கள். வீடு டோரின் பேருக்கு வந்தது. அவள் அதை ஒருநாளும் விரும்பியதில்லை. அந்த வாரமே ஏஜெண்டைக் கூப்பிட்டாள், வாங்க ஆளும் தயாராக இருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய நாள் காலையில், பாத்திரம் கழுவும்போது, அவள் தோள்பட்டைகளுக்கு நடுவே சில்லென்றது.

கையைத் துடைத்துக்கொண்டு லோர்னாவுக்கு போன் செய்தாள்.

"பின்னறைச் சுவர் எப்படி இருக்கு?"

"அடக்கம் ஆன நாள்லேருந்து லேசா பிசுபிசுன்னு இருந்துச்சு, மிஸஸ் ரிம்மர். இன்னிக்கு நல்லா காஞ்சிருச்சு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். பின்னால என்ன சத்தம்?"

"மெகன்தான். ஊர் பேண்டுல ஊதுகுழல் வாசிக்கச் சேர்ந்திருக்கா. காது போகுது, மன்னிச்சுக்குங்க."

ஒரே சுரம், அறுபடாமல் நீண்டுகொண்டே போனது. அது முடியும்வரை டோரின் போனை வைக்கவில்லை. பிறகு ஏஜெண்டிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, சந்தைக்குப் போய்ப் பெரிய துண்டாக இரண்டு வாங்கினாள். முதுகு அவளுக்கு எட்டாது என்பதால் பக்கத்து வீட்டுக்காரி தினமும் சாயங்காலம் வந்து துடைத்துவிடுகிறாள்.