பெயர் மட்டும் மிஞ்சிய ஆயுதங்கள்

முந்நூற்று நாற்பது ஆயுதங்களுக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டும். அவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. வீடியோ கேம் மொழிபெயர்ப்பில் வேலை இப்படித்தான் வரும் என்று சேர்ந்த முதல் வாரமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நீளமான அட்டவணை. இடப்பக்கம் எண், நடுவில் ஆங்கிலப் பெயர், வலப்பக்கம் காலிக் கட்டம். படங்களை வேறொரு ஊரில் வேறொரு குழு வரைந்துகொண்டிருந்தது. அது வாளா, வில்லா, சுவரை இடிக்கும் பொறியா என்பதைப் பெயரை வைத்தே ஊகிக்க வேண்டும்.

இதற்கு முன் பதினோரு வருடம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களுக்குப் பிழை திருத்தியவள் அவள். ஒரு எழுத்து மாறினால் ஓர் உயிர் போகலாம் என்ற பயத்திலேயே வேலை பார்த்ததால், தெரிந்த சொல்லையும் அகராதியில் ஒருமுறை பார்த்துவிடும் பழக்கம் வந்திருந்தது. மேசையில் மூன்று தடித்த அகராதிகள். ஆகவே அலுவலகத்தில் அவளுக்கு ‘அகராதி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட அண்ணன், “சரியாத்தான் வெச்சிருக்காங்க. சின்ன வயசுலயே நீ அகராதி பிடிச்சவதான்” என்றான்.

முதல் தொகுதியை அனுப்பி இரண்டு நாள் கழித்து, மடிக்கணினியைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு பெட்டியார் வந்தார். திரையில் எந்தச் சொல் எந்தப் பெட்டிக்குள் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறியாளர் அவர். அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்து போயிருந்தது.

“அகராதி மேடம், யாரு இந்த இருகைப் பெருங்கோ? எந்த நாட்டு ராஜா?”

அவள் எட்டிப் பார்த்தாள். ‘இருகைப் பெருங்கோடரி’ என்று அவள் எழுதியதைப் பெட்டி நடுவில் நறுக்கியிருந்தது.

“அது கோடரி சார். ரெண்டு கையால பிடிக்கிற பெரிய கோடரி.”

“என் பெட்டி அதையே வெட்டிடுச்சு பாருங்க. அப்ப எது பெரிய ஆயுதம்?”

“பெட்டியக் கொஞ்சம் பெருசு பண்ண முடியாதா?”

“என் தலைய வேணா பெருசு பண்ணிக் காட்டுறேன். பன்னெண்டு மொழிக்கும் ஒரே பெட்டி. தமிழ்ல ஒன்பது எழுத்துதான் உள்ள போகும்.”

மேலாளர் அம்மா தன் அறையிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. வெளியே வந்து, நின்றபடியே முடித்துவிட்டார்.

“வியாழக்கிழமைக்குள்ள பெட்டிக்குள்ள அடங்குற பேரு வரலன்னா இங்கிலீஷ் பேரையே தமிழ் எழுத்துல போட்டுடலாம். அடிக்கிற சாமானுக்கு எவன் பேரு பாக்கப் போறான்? அடிச்சா சரி.”

அவர் சொன்னதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த வேலைக்காகத்தான் அவள் மருந்துக் கம்பெனியை விட்டு வந்திருந்தாள். விளையாட்டில் வேறு பேச்சு அதிகம் கிடையாது. ஆயுதப் பெயர்கள் போய்விட்டால் தமிழில் மிஞ்சுவது ‘தொடர்க’, ‘சேமி’, ‘வெளியேறு’ ஆகிய மூன்றும்தான். அதற்கு ஓர் ஆள் தேவையில்லை.

மறுநாள் காலை மூன்று அகராதிகளையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேடியது குட்டையான சொற்களை மட்டும்தான். அழகு, பழமை எதுவும் அவள் மனதில் இல்லை. ஒன்பது எழுத்துக்குள் அடங்க வேண்டும், அவ்வளவே.

அடங்கின. வேண்டிய மட்டும் அடங்கின. அயில் என்று ஒரு வேல். வெறும் மூன்று எழுத்து, கூர்மைக்கும் அதுவே சொல். நவியம் என்று ஒரு கோடரி. கணிச்சி என்றும் ஒரு கோடரி. அதே கணிச்சியால்தான் பாறையைத் தோண்டிக் கிணறும் எடுத்திருக்கிறார்கள். எழு என்று இரண்டே எழுத்தில் ஒரு தடி. கதவுக்குக் குறுக்கே போடும் மரத்துக்கும் அதுதான் பெயர். எதிரி வாசலுக்கு வந்தபோது யாரோ ஒருவன் அந்தக் குறுக்குமரத்தையே உருவிக்கொண்டு ஓடியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. சிரல் என்று ஒரு பொறி. சிரல் என்றால் மீன்கொத்தி. கோட்டை மதிலிலிருந்து பாய்ந்து கொத்திவிட்டுத் திரும்பும் பொறிக்கு, குளத்தங்கரையில் மணிக்கணக்காக அந்தப் பறவையைப் பார்த்தவன்தான் அந்தப் பெயரை வைத்திருக்க முடியும்.

பத்து மணிக்கு வாங்கிய காபி மேசையில் ஆறி ஆடை கட்டிவிட்டது. அகராதியின் இந்தப் பக்கங்களை இத்தனை வருடம் புரட்டிக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறோமே என்று நினைத்தாள். மாத்திரை, மருந்து, வேளை என்று தேடும்போதெல்லாம் விரலுக்கடியில் இவை அத்தனையும் கிடந்திருக்கின்றன.

அட்டவணையிலிருந்த ஆங்கிலப் பெயர்களையும் அவள் இப்போது வேறு கண்ணால் பார்த்தாள். ‘மார்னிங் ஸ்டார்’ என்று ஒன்று. நட்சத்திரத்தின் பெயரில் ஏதோ மந்திரக்கோல் என்று எண்ணி முன்பே ‘விடிவெள்ளி’ என்று போட்டிருந்தாள். அதற்குள் படங்கள் வந்து சேரத் தொடங்கியிருந்தன; பெட்டியாரின் திரையில் பார்த்தால் அது சுற்றிலும் முள் நீட்டிய இரும்புக் குண்டு. முட்களின் நடுவில் குண்டு மினுங்கிய விதத்தைப் பார்த்ததும் பெயரை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. எங்கேயோ ஒரு நாட்டில், ஒருவன் மண்டையைப் பிளக்கும் சாமானைச் செய்து முடித்துவிட்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்திருக்கிறான்.

புதன் மாலைக்குள் முந்நூற்று நாற்பது கட்டங்களும் நிரம்பின. அகராதியில் உருவமோ பயனோ சொல்லப்பட்ட பெயர்களை மட்டுமே எடுத்துக்கொண்டாள். இன்னும் ஒரு கூட்டம் இருந்தது. ‘மதில்மேல் வைக்கும் ஒரு பொறி’ என்பதற்கு மேல் அகராதிகள் வாய் திறக்காத பெயர்கள். சிலவற்றுக்கு ‘ஓர் ஆயுதம்’ என்பதோடு சரி. எப்படிப்பட்டது என்று தெரியாததை எதற்கும் சூட்டக்கூடாது என்று, அவற்றை மட்டும் அட்டவணையின் இரண்டாவது தாளில் எழுதி வைத்தாள். மொத்தம் இருபத்து மூன்று. தனக்காக எழுதிய குறிப்பு அது. கோப்பை அனுப்பும்போது அந்தத் தாளை அழிக்க மறந்துவிட்டாள்.

மேலாளர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“எல்லாம் அடங்குது. ஆனா எனக்கு முக்கால்வாசி புரியல.”

“விளையாடும்போது புரியும் மேடம்.”

“அத விளையாடறவங்க சொல்லட்டும். நாளைக்கு ஆறு பேர உக்கார வைக்கிறோம். ஆயுத அறையில நுழைஞ்சு, ஒண்ண எடுத்துக்கிட்டு வெளிய போக மத்த மொழிக்காரங்களுக்குச் சராசரியா தொண்ணூறு வினாடி ஆகுது. நம்ம ஆளுங்க அங்கயே முழிச்சுக்கிட்டு நின்னா, பேரு புரியலன்னு அர்த்தம். அப்புறம் என்கிட்ட வரக்கூடாது.”

ஆறாவது ஆள் கிடைக்கவில்லை. அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். வியாழன் அவனுக்கு விடுமுறை.

“விளையாடறதுக்குக் கூப்பிடுறியா? ஆபீஸ்லயா? உன்னை நம்பி வேலை குடுத்தவங்கள நெனச்சாத்தான் பாவமா இருக்கு” என்றான். வந்துவிட்டான்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் மேலாளர், பெட்டியார், அவள். அந்தப்பக்கம் ஆறு திரைகள், ஆறு பேர். அண்ணனுக்குப் பக்கத்தில் அழகு நிலையம் நடத்தும் ஒரு பெண். உள்ளே பேசுவது இங்கே கேட்கும். இங்கிருந்து பேச ஒரு மைக். பார்ப்பவர்கள் பதில் சொல்லக்கூடாது என்பது விதி.

திரையில் ஆயுத அறை திறந்தது. நீளமான கல்சுவர், வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆயுதம், அடியில் பெயர். மேலாளர் கடிகாரத்தை அழுத்தினார்.

அண்ணன் ‘கைபெயர் ஊசி’ என்பதை எடுத்தான். பயிற்சிச் சுவரில் அதைப் பதித்தான். சுவரேறி வந்த பொம்மை வீரன் விளிம்பைப் பற்றியதும் கையை உதறிக்கொண்டு விழுந்தான்.

“அடேயப்பா! ஏறி வர்றவன் கையப் பேக்கிற ஊசி. யாருய்யா உக்காந்து இத யோசிச்சது?” என்றான்.

வரிசை நகர்ந்தது. அவள் கண்ணாடிக்கு அருகில் போனாள். சுவரின் கடைசியில் ஆணிகள் காலியாக இருந்தன. அவற்றின் அடியிலும் பெயர்கள் இருந்தன.

“பெட்டியார்... அது என்னது?”

பெட்டியார் நெற்றியைத் தேய்த்தார். “கோப்புல எத்தனை பேரோ அத்தனை ஆணி. அப்படித்தான் நான் எழுதி வெச்சிருக்கேன். உங்க ரெண்டாவது தாளையும் சேத்துப் படிச்சிருக்கு. படம் இல்லாததால ஆணி மட்டும் நிக்குது.”

தொண்ணூறு வினாடி முடிந்தது. ஒருவரும் வெளியேறவில்லை. அழகு நிலையப் பெண் காலி ஆணி ஒன்றின் முன் நின்றாள்.

“நூற்றுவரைக்கொல்லி” என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒன்பது எழுத்தும் பெட்டியின் இரு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு நின்றன. “நூறு பேரக் கொல்லுமா? எங்க அது? காணோமே.”

“எடுத்துட்டுப் போயிட்டாங்களோ என்னவோ” என்றான் அண்ணன்.

“யாரு?”

“அப்ப இருந்தவங்க.”

மற்ற நால்வரும் தங்கள் திரைகளை விட்டு எழுந்து வந்து அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அவள் அடுத்த ஆணிக்குப் போனாள்.

“தள்ளிவெட்டி.”

“தள்ளிவிட்டு வெட்டுமா, தள்ளி நின்னு வெட்டுமா?” என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

“அந்த ஊசி மாதிரி மதில் மேல வெச்சா தள்ளித்தான் விடணும்.”

“அடுத்தது படிங்க.”

“விழுங்கும்பாம்பு.” அவள் திரையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “ஐயோ. இது ஆளயே விழுங்குமா?”

மேலாளர் கடிகாரத்தைக் காட்டினார். “நாலு நிமிஷம். ஒருத்தரும் கதவுப் பக்கமே போகல. சாரி, அகராதி.”

அவள் தலையாட்டினாள். ‘தொடர்க’, ‘சேமி’, ‘வெளியேறு’ என்று மனதுக்குள் ஓடியது. மருந்துக் கம்பெனியில் அவளுடைய நாற்காலியில் இந்நேரம் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

அப்போது அந்தப் பெண் திரும்பி, கண்ணாடியை நேராகப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அது வெறும் கறுப்புக் கண்ணாடி.

“உள்ள யாரோ இருக்கீங்கன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதெல்லாம் நெஜமாவே இருந்துச்சா? இல்ல நீங்களா வெச்ச பேரா?”

மேலாளர் மைக்கின் பொத்தானைத் தானே அழுத்தி, அவள் பக்கம் நகர்த்தினார்.

“நாங்க வெக்கல” என்றாள் அவள். “இருந்ததா எழுதி வெச்சிருக்காங்க. கோட்டை மதில் மேல இருந்த பொறிகள். எப்படி இருந்துச்சு, என்ன உயரம், எத்தனை பேர் சேந்து இயக்கினாங்க, எதுவும் தெரியல. மரமும் இரும்பும் போயிடுச்சு. பேரு மட்டும்தான் நம்ம கைக்கு வந்து சேந்திருக்கு.”

தங்கையின் குரலை அண்ணன் அடையாளம் கண்டுகொண்டான். கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். ஆறு பேரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோயிலும் இல்லை, மயானமும் இல்லை. வாடகைக்கு எடுத்த ஓர் அலுவலக அறை, ஏசி ஒரு பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. இருந்தும் அவர்களில் ஒருவர், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பதினோரு நிமிடம் கழித்துத்தான் முதல் ஆள் தன் திரைக்குத் திரும்பி ஆயுத அறையின் கதவைத் திறந்தான். மேலாளர் கடிகாரத்தை எப்போதோ மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

“அந்த அறைக்கு நேரக் கணக்கு வேண்டாம், பெட்டியார்” என்றார். “பேரெல்லாம் தமிழ்லயே போகட்டும்.”

“அந்தக் காலி ஆணிக்கெல்லாம் படம் வரையச் சொல்லிடவா மேடம்?”

மேலாளர் அவளைப் பார்த்தார்.

“வேண்டாம்” என்றாள் அவள். வேலை நிலைத்ததா என்று யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. “நாம ஒரு உருவம் வரைஞ்சா நாளைக்கு அதுதான் உருவம்னு ஆயிடும் மேடம். தெரியாததத் தெரியாதுன்னே விட்டுடணும்.”

“காலி ஆணியக் காட்டி கேம் விக்கிற முதல் கம்பெனி நாமதான்” என்றார் மேலாளர். ஆனால் பெட்டியாரிடம் படம் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

மதியம், வண்டிகள் நிறுத்துமிடத்தில் அண்ணன் காத்திருந்தான். சாவி கையில் இருந்தது, வண்டியில் ஏறவில்லை.

“கடைசி ஆணியில ஒரு பேரு இருந்துச்சே, முசுண்டி. அதுக்கு என்ன அர்த்தம்?”

“ஓர் ஆயுதம். அவ்வளவுதான் இருக்கு.”

“வீசுறதா, குத்துறதா?”

“தெரியாதுண்ணா.”

“உனக்கே தெரியாதா!” என்றான். சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, வலது கையை முன்னால் நீட்டி, இல்லாத ஒரு பிடியைப் பற்றுவது போல விரல்களை மெதுவாக மூடினான். பிடி போதவில்லை போலும்; விரல்களைக் கொஞ்சம் அகட்டினான். பிறகு இடது கையையும் அதன் கீழே கொண்டு வந்தான். இரண்டு தோள்களும் கனத்தில் இறங்கின.

“பாத்துண்ணா” என்று சொல்லிவிட்டு, அவள் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.