மகாராஜா அண்ணனின் நலம் விசாரிப்பு

என் அண்ணன் மகாராஜாவுக்கு ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்தக் கடை. இந்த மலையாள ஊரில் தமிழ்க்காரன் எவன் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பார்க்கப் போய்விடுவார். பார்த்துவிட்டு வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு, வெந்நீரில் தலைக்குக் குளிப்பார். ஆஸ்பத்திரித் தீட்டு வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதாம். எவ்வளவு சுத்தக்காரர் பாருங்கள்!

என் வீட்டுக்காரர் லிங்கம் பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வடை போடுகிறவர். எண்ணெய்ச் சட்டி சரிந்து நெஞ்சும் இடது கையும் வெந்துபோயின. தீக்காய வார்டில் கிடந்து கிடந்து ஒருவழியாகப் புண் தெளிந்தது. தொடையிலிருந்து தோலெடுத்து நெஞ்சில் ஒட்டினார்கள்.

"ஆரையும் பக்கத்துல விடவேண்டாம் கேட்டோ சேச்சி. இனி கிருமி கேறாம இருந்தா, லிங்கம் அண்ணன் நடந்தே வீட்டுக்குப் போகும்," என்றாள் நர்ஸ் ரெம்யா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாளே அண்ணன் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். வந்தவர் நேரே எங்களிடம் வருவாரா? பக்கத்துத் தனி அறையில் வள்ளியூர்க்காரர் ஒருவர் கிடந்தார். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அவர் புண்ணில் ஏறிவிட்டதென்று பிரித்துப் போட்டிருந்தார்கள்.

"நம்ம ஊர்க்காரனத் தனியாப் போட்டு அடச்சிருக்கானுவளே, அநியாயம்!" என்று அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த மனிதரின் உடம்பெல்லாம் தடவிக் கொடுத்தார். அதே கையோடு எங்கள் கட்டிலுக்கு வந்தார்.

"அண்ணே, கையக் கழுவிட்டு வாங்க," என்றேன்.

"போ பிள்ள, கூறு கெட்டவளே. எனக்கென்ன குஷ்டமா?"

"சாரே, தொடாதீங்க!" என்று ரெம்யா ஓடிவருவதற்குள் கட்டுத் துணியை விலக்கி, கல்மோதிரம் போட்ட விரலால் ஒட்டின தோலின் மேலேயே திருநீறு பூசிவிட்டார். கூட வந்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அடுத்த கட்டுப் பிரித்தபோது தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் பச்சைச் சீழ். பரிசோதனைக்கு அனுப்பினார்கள், வள்ளியூர்க்காரர் புண்ணில் இருந்த அதே கிருமி.

"ஒரே ஒரு மருந்துதான் பாக்கிம்மா. அதுவும் கிட்னியக் கெடுக்கும்," என்றார் டாக்டர் ஹரிஷங்கர்.

கொடுத்தார்கள். கிட்னிதான் கெட்டது. கிருமி அசையவில்லை.

"மச்சான் மேல கோவப்படாத, ஆவுடை. பிரியத்துலதான வந்தாரு," என்றார் என் வீட்டுக்காரர், காய்ச்சலில் உதறிக்கொண்டே. பாவி மனுசன், சாகப்போகும்போதும் நல்லவராகத்தான் இருந்தார். அந்தப் பிரியத்தைக் கொண்டு அடுப்பில் போட வேண்டும் போலிருந்தது எனக்கு. மறுநாள் காலையில் அவர் போய்விட்டார்.

அண்ணன் வந்தார், அதே கூட்டத்தோடு. மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "இந்த ஆஸ்பத்திரியே சரியில்ல, சுத்தமே கிடையாது!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு ஓரமாகப் போய் மதினிக்குப் போன் போட்டார்.

"வெந்நீர் போட்டு வை. வந்து குளிக்கணும்."

நான் எழுந்துபோய் அவர் முன்னால் நின்றேன். "உள்ள வரும்போது கழுவாத கைய இனி எந்த வெந்நீர்ல கழுவப்போற நீ?"

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "பாவம், அதிர்ச்சியில என்னவோ உளறுதா," என்றார்.