கொழுந்தன் கொட்டிய கல்

என் கொழுந்தன் எஃப்ரெயினுக்கு உதவி செய்வதென்றால் உயிர். கேட்டால் செய்வான், கேட்காவிட்டால் இன்னும் வேகமாகச் செய்வான். மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, பள்ளிப் பேருந்தை ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்தால் வாசலில் புல்தரையைக் காணோம். வழித்தெடுத்த தரை முழுக்கச் செம்பழுப்புக் கல். மல்பெரி மரத்தைச் சுற்றி மட்டும் வட்டமாக மரச்சிராய் பரப்பியிருந்தது. நடுவில் எஃப்ரெயின் இடுப்பில் கை வைத்து நின்றான்.

“எப்படி அண்ணி? இனிமே இந்த வாசலுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வேணாம். தெளிக்கிற குழாயெல்லாம் அடைச்சு மூடிட்டேன்.”

“மரத்துக்கு?”

“முப்பது வருஷ மரம் அண்ணி. வேரு பாதாளத்துக்கே போயிருக்கும். நீங்க பஸ்ஸைப் பாருங்க, மண்ணை நான் பாத்துக்கறேன்.”

பாலைவனத்து நகரமான மேசாவில், எங்கள் தெருவில் பாதி வீடு ஏற்கெனவே கல்லுக்கு மாறிவிட்டது. நகராட்சியே புல்லை எடு, எடு என்று கடிதம் போடுகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை என்று எனக்கும் தெரியும். புல்லுக்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. என் கவலையெல்லாம் மரம். அது எங்கள் மேற்கு ஜன்னலை மறைத்து நிற்கிறது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் என் கணவர் ரொஹேலியோ நாள் முழுக்க இருக்கிறார். அவருக்கு நரம்பு நோய். உடம்பில் சூடு ஏறினால் கால் மடங்கிவிடும், பார்வை மங்கிவிடும். ஏசி இருக்கிறது. ஆனால் ஜூன் மாத வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்தால் எந்த ஏசியும் திணறும். அந்த நிழல் இருப்பதால்தான் அவர் சாயங்காலம் எழுந்து நாலு அடி நடக்கிறார்.

மே கடைசியில் இலை மஞ்சளானது. எஃப்ரெயினுக்குப் போன் செய்தேன்.

“வெயில் அண்ணி. எல்லா மரமும் கொட்டும்.”

ஜூனில் உச்சிக்கிளை மொட்டையானது. மறுபடியும் போன் செய்தேன்.

“பழகிக்கும் அண்ணி.”

பழகிக்கொள்ள அது என்ன புது மருமகளா? பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ரப்பர் குழாயை இழுத்துவந்து மரத்தடியில் விட்டேன். கால் மணி நேரமாகியும் தண்ணீர் கீழே இறங்கவில்லை. மரச்சிராயை மிதக்கவிட்டு, கல்லுக்கடியில் ஓடி, தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. கையால் தோண்டினேன். நாலு விரல் ஆழத்தில் கறுப்பு பிளாஸ்டிக். களை வராமலிருக்க, அடிமரம் வரைக்கும் விரித்து மூடியிருக்கிறான் பாவி. முப்பது வருஷமாகப் புல்லுக்குத் தெளித்த தண்ணீரைக் குடித்தே வளர்ந்த மரம் அது. வேர் எதற்குப் பாதாளம் போகப்போகிறது? எல்லாம் பிளாஸ்டிக்குக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் காய்ந்து கிடந்தது.

கடப்பாரையை எடுத்தேன். எஃப்ரெயின் வந்து சேர்ந்தபோது பாதி வாசலைப் பிரித்திருந்தேன். ரொஹேலியோதான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

“ஐயோ அண்ணி! மூணு லோடு கல்லு!”

“அந்த மூணு லோடையும் உன் தலையில கொட்டிக்க. யாருடா உன்னைக் கேட்டது?”

“அண்ணன்தான் கேட்டாரு.”

கடப்பாரை என் கையிலேயே நின்றுவிட்டது.

“நீங்க வேலைக்கும் போயிட்டு வந்து, வெயில்ல புல்லும் வெட்டறதை ஜன்னல்ல உக்காந்து பாக்க முடியலையாம். சொன்னா விடமாட்டீங்கன்னு, நீங்க இல்லாதப்ப செய்யச் சொன்னாரு.”

நெஞ்சு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை, இன்னும் எரிந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். கேட்டிருந்தால் புல்லை எடு, மரத்துக்கு மட்டும் சொட்டுநீர்க் குழாய் ஒன்று விட்டுவை என்றிருப்பேன். அரை மணி நேர வேலை.

“மரம் சாகலை அண்ணி. பட்டைக்குள்ள பச்சை இருந்தா உசிரு இருக்குன்னு அர்த்தம். இப்ப காட்டறேன் பாருங்க.”

கத்தியை எடுத்து ஒரு கிளையைச் சுரண்டினான். பழுப்பு. அடுத்த கிளையும் பழுப்பு. மண்டியிட்டு, அடிமரத்தில் ஆழமாகச் சீவினான். அங்கேயும் பழுப்புதான்.

ரொஹேலியோ ஜன்னலைத் திறந்தார். “என்னடா, பச்சை தெரியுதா?”

எஃப்ரெயின் என்னைப் பார்த்தான். பொய் சொல்லிச் சமாளிப்பேன் என்று நினைத்தான் போலிருக்கிறது.

“செத்துப்போச்சு,” என்று கத்தினேன். “நீங்க ரெண்டு பேரும் சேந்து கொன்னுட்டீங்க.”

ஜன்னல் மூடிக்கொண்டது.

அன்று மத்தியானமே அவருடைய கட்டிலைத் துணி துவைக்கும் அறைக்கு மாற்றினோம். வீட்டில் மேற்கு வெயில் எட்டாத ஒரே அறை அதுதான், ஜன்னலே கிடையாது. எஃப்ரெயின் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறுமுனை. சலவை இயந்திரத்தை ஒட்டித்தான் கட்டில் நுழைந்தது. ரொஹேலியோ சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

“இங்க நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

“இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு மீதிக் கல்லை அள்ள வாசலுக்குப் போனேன். இனி நான் வெயிலில் நிற்பதை அவர் பார்க்க வேண்டியதில்லை.